லேப் சார் படித்துச் சொன்ன ரத்தம்

லேப் சார் யாருக்கும் கெட்ட சேதி சொல்லி நான் பார்த்ததில்லை.

எங்கள் தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற பிரிவுக்கே பெரியவராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் சைக்கிளில் போய் நீட்டு ரொட்டி வாங்கி வருவார். கேரியரில் அது இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். எதிரில் வருகிற யார் மேலும் பட்டுவிடக் கூடாது என்று தெருமுனையிலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார். அவ்வளவு இதமான மனிதர். மீன்காரம்மா ஒரு முறை கெட்டுப்போன மீனைத் தலையில் கட்டிவிட்டாள். மறுநாள் அவள் "மீனு எப்பிடி சார்?" என்று கேட்டபோது, "நல்லா இருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த மீனைப் பூனைகூடச் சாப்பிடவில்லை என்பது தெருவுக்கே தெரியும்.

"இவரு கிட்ட கொழம்பு எப்பிடின்னு கேட்டு நான் ஏமாந்தது போதும்" என்பார் அவர் மனைவி டீச்சரம்மா. "ஒரு நாளு மறந்துபோயி உப்பே போடாம வச்சிட்டேன். ரெண்டாவது வாட்டி ஊத்திக்கினு சாப்புட்டாரு. நல்லா இருக்குன்றாரு. நான் வாயில வச்ச அப்பறம்தான் தெரியுது. இப்பிடி ஒரு ஆளோட குடும்பம் நடத்துறது சுலபம்னா நெனைக்கிறீங்க?"

சார் பக்கத்திலேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார். "உப்பு இல்லன்னா பிரஷருக்கு நல்லதுதானே" என்பார்.

எங்கள் தெருவில் ஒரு பழக்கம் இருந்தது. யாருக்கு எந்த டெஸ்ட் எடுத்தாலும், அந்தக் கவர் டாக்டரிடம் போவதற்கு முன்னால் லேப் சார் வீட்டுக்குத்தான் போகும். அவர் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொள்வார். தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை பார்ப்பார். நாங்கள் தாளைப் பார்க்க மாட்டோம், அவர் முகத்தைத்தான் பார்ப்போம். அந்த முகத்தில் எதுவும் மாறாது. "ஒண்ணுமில்ல" என்பார். அதற்கு அப்புறம், "சாப்டியா?" என்று கேட்பார். டாக்டர் என்ன சொன்னாலும் அதையும் அவரிடம் வந்து ஒப்பித்து, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போவோம். டாக்டர் சொல்வது எங்களுக்குப் பயமாக இருக்கும். சார் சொன்னால் அதே விஷயம் பயமில்லாமல் இருக்கும்.

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் ஒரு நாள் சர்க்கரைக்கு டெஸ்ட் எடுத்துக்கொண்டு வந்தார். சார் பார்த்தார். "கொஞ்சம் கூட இருக்கு. டாக்டரைப் பாத்துடு. இன்னைக்கே பாத்துட்டா நல்லது" என்றார். ஆட்டோக்காரர் லுங்கியோடு போனவர்தான், அன்றைக்கே பெட்டில் சேர்த்துவிட்டார்கள். திரும்பி வந்ததும் தெருவில் நின்று சத்தம் போட்டார். "கொஞ்சம் கூடன்னாரு! அங்க நர்சம்மா பாத்துட்டு, நீ எப்பிடியா நடந்து வந்தேன்றா!" தெரு முழுக்கச் சிரித்தது. சாரும் சிரித்தார். அதிலிருந்து நாங்கள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். சார் 'கொஞ்சம்' என்றால் அதை நாம் பெருக்கிக்கொள்ள வேண்டும். 'இன்னைக்கே' என்றால் ஓட வேண்டும். மற்றவர்களுக்கு இந்தக் கணக்கை நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் வீட்டு விஷயத்தில்தான் அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவன். தேங்காய்த்திட்டு பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை. ஐஸ் பாரை இழுத்து மிஷினில் போட்டு உடைத்து, மீன்பிடி போட்டுக்குப் போகிற வண்டியில் ஏற்றுவோம். அந்த மிஷின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. அது எனக்கு வசதியாக இருந்தது. கோட்டு போட்டவர்கள் யாராவது என்னிடம் பேசினால் எனக்குத் தரையைத்தான் பார்க்கத் தெரியும். புரிந்தாலும் தலையாட்டுவேன், புரியாவிட்டாலும் தலையாட்டுவேன்.

என் மனைவி செல்வி அப்படி இல்லை. வாசலில் விறகடுப்பு வைத்து இட்லி போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். நாலு பேர் ஒரே நேரத்தில் கேட்டாலும் நாலு பேருக்கும் பதில் சொல்வாள். அவளுக்கு இருமல் வந்து, போகாமல் இருந்து, சளியில் ரத்தம் வந்தபோது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நுரையீரலில் கட்டி என்றார்கள். கேன்சர் என்றார்கள். வலது பக்கத்தில் ஒரு பாகத்தை அறுத்து எடுத்துவிடலாம், எடுக்கிற அளவில்தான் இருக்கிறது என்றார்கள். "பீடி வாசனையே ஆவாத பொம்பளைக்கா?" என்று தெருவில் எல்லோரும் கேட்டார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு சின்ன வயது டாக்டரம்மா வந்து, கூடுதலாக ஒரு ட்யூப் ரத்தம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். எதற்கு என்று செல்வி கேட்டாள்.

"ரத்தத்துல வீக்கம் எவ்வளவு இருக்குன்னு காட்டுற சில அளவு இருக்குக்கா. வெள்ளை அணுவுல எந்த வகை கூட, எந்த வகை கம்மின்னு பாப்போம். அதை வச்சு, ஆபரேஷனுக்கு அப்புறம் யாரு எவ்வளவு காலம் நல்லா இருப்பாங்கன்னு முன்னாடியே சொல்ல முடியுமான்னு ஆராய்ச்சி பண்றோம்."

"கிளி ஜோசியக்காரன் மாதிரியா?" என்றாள் செல்வி.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவன் சீட்டு எடுப்பான்க்கா. நாங்க ரத்தம் எடுக்குறோம்."

"எடுத்துக்கோ கண்ணு. எனக்கு நல்ல சீட்டா எடு" என்று கையை நீட்டினாள்.

அந்த அளவுகளைப் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனிதர்தான். அவர் பின்னால் வரிசை காத்திருந்தது. "ரத்தத்துல அழற்சி ரொம்பக் காட்டுதுப்பா. கட்டியைச் சுத்தமா எடுத்துடுவோம். ஆனா இப்பிடிக் காட்டுறவங்களுக்குத் திரும்ப வர்ற வாய்ப்பு அதிகம். ஆபரேஷன் பண்றதுதான் சரி. ஆனா நீங்க மனசைத் தயார் பண்ணிக்கணும். புரியுதா?"

நான் தலையாட்டினேன். தரையில் ஒரு பஞ்சுத் துண்டு கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே நேராக லேப் சார் வீட்டுக்குப் போனேன். கவரைக் கொடுத்தேன். டாக்டர் சொன்னதை எனக்கு ஞாபகம் இருந்த மட்டும் சொன்னேன். சார் கண்ணாடியைத் துடைத்தார். மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார்.

"அழற்சின்னா வீக்கம் தம்பி" என்றார். "சளி புடிச்சாக்கூடக் காட்டும், பல்லு வலிச்சாக்கூடக் காட்டும். கொரோனா நேரத்துல சி.ஆர்.பி. டெஸ்ட்டு, சி.ஆர்.பி. டெஸ்ட்டுன்னு தெருவே அலைஞ்சுதே, அதே கதைதான். அவ்வளவு பேருக்கும் கூட இருந்துச்சு. எல்லாரும் இன்னைக்கு நல்லா இல்லையா?"

"மனசைத் தயார் பண்ணிக்கன்னாரே சார்."

"ஆபரேஷன்னா எல்லாருக்கும் சொல்றதுதான். நாளைக்கு ஒண்ணுன்னா அவங்களைக் கேக்கக் கூடாதுல்ல. ஒண்ணுமில்ல. நீ சாப்டியா?"

நான் அன்று அவர் வீட்டில் தோசை சாப்பிட்டேன். எத்தனையோ நாளுக்கு அப்புறம் பசித்துச் சாப்பிட்டேன்.

ஆபரேஷன் அன்று சார் என் கூடவே இருந்தார். வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். உள்ளேயிருந்து ஆள் வந்து முடிந்துவிட்டது என்று சொல்கிற வரைக்கும் விடவில்லை. என் அப்பாகூட என் கையை அப்படிப் பிடித்ததில்லை. இதை எழுதும்போது அந்தக் கைதான் குறுக்கே வருகிறது.

கட்டி சுத்தமாக வந்துவிட்டது என்றார்கள். செல்வி வீட்டுக்கு வந்தாள். படி ஏறினால் மூச்சு வாங்கும், மற்றபடி நன்றாக இருந்தாள். "இனிமே என்னா தம்பி, பேரன் கல்யாணம் வரைக்கும் செல்வி பாத்துடும்" என்றார் சார். எங்கள் மகளுக்கு அப்போதுதான் குழந்தையே பிறந்திருந்தது. நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீளமாகத்தான் இருந்தது.

எங்கள் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வெயில் காலத்தில் உள்ளே இருக்க முடியாது. ஒரு பாகம் அறுத்தெடுத்த நுரையீரலை வைத்துக்கொண்டு அவள் அந்த வேக்காட்டில் எப்படி வருஷக்கணக்கில் இருப்பாள்? தளம் போட்டுவிட வேண்டும் என்று முடிவு பண்ணினேன். கம்பெனியில் இரண்டு ஷிப்ட் கேட்டு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமையும் போனேன். காலையில் நான் சோற்றுத் தூக்கோடு கிளம்புகிற நேரத்தில்தான் சார் ரொட்டி வாங்கக் கிளம்புவார். தினமும் எதிரெதிரே பார்ப்போம்.

"இன்னைக்கும் ரெண்டு ஷிப்டா?"

"ஆமா சார். தளம் போடணும். அவளுக்காவத்தான்."

"நல்ல விஷயம் தம்பி. உடம்பைப் பாத்துக்கோ."

இதைத்தான் தினமும் சொன்னார்.

செல்வி சில சமயம் கேட்பாள். "இன்னைக்கு லீவு போடேன் மாமா. பீச்சுக்குப் போயி சும்மா உக்காந்துட்டு வரலாம்."

"அடுத்த மாசம் போலாம். கம்பி எறக்கணும்."

"சரி" என்பாள். கட்டாயப்படுத்த மாட்டாள். முன்னாலெல்லாம் ஒன்று வேண்டுமென்றால் சண்டை போட்டு வாங்குகிறவள். இப்போது உடம்பு சரியில்லாததால் அடங்கிவிட்டாள் என்று நினைத்தேன். எனக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்தாள். மிளகு எந்த டப்பா, பெருங்காயம் எந்த டப்பா என்று காட்டினாள். "நான் எதுக்கு இதெல்லாம் கத்துக்கணும்?" என்றேன். "எனக்கு உடம்பு முடியாதப்ப நீ வச்சுத் தரமாட்டியா?" என்றாள். நான் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். அந்த வார்த்தை எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

சுவர் மேல் கம்பி கட்டி முடித்திருந்தோம். அப்போது அவளுக்கு முதுகு வலி வந்தது. அப்புறம் திரும்ப இருமல். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இந்த முறை எந்த டாக்டரும் என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை. செல்வி வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. தளம் போடவே இல்லை.

கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு, மகள் அம்மாவின் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்காமல் அவளே பேசினாள். அவளால் மனசுக்குள் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அம்மாவுக்குத் தெரியும்பா."

"என்னா தெரியும்?"

"திரும்ப வரும்னு. ரொம்ப நாளு இருக்காதுன்னு. வீட்டுக்கு வந்த புதுசுலயே தெரியும். டீச்சரம்மா இல்லாத ஒரு மத்தியானமா பாத்து அம்மாவே லேப் சார் வூட்டுக்குப் போயி, எனக்கு உள்ளதைச் சொல்லுங்க சார்னு கேட்டுச்சாம். அவரு சொல்லிட்டாரு. ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த ரத்தத்துலயே அப்பிடித்தான் காட்டுச்சுன்னு சொன்னாராம்."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"அம்மா என்கிட்ட அடுத்த வாரமே சொல்லிடுச்சுப்பா. உனக்குச் சொல்லக் கூடாதுன்னு என் புள்ள தலையில அடிச்சு சத்தியம் வாங்கிடுச்சு. லேப் சார்கிட்டயும் கேட்டுக்கிச்சாம்."

"ஏன்?"

மகள் கையில் இருந்த புடவையை மடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். "அப்பா பயந்த மனுசன், தெரிஞ்சா வேலைக்குப் போவமாட்டாரு, என் மூஞ்சையே பாத்துக்கினு உக்காந்துடுவாருன்னு சொல்லிச்சு."

ஆமாம். உட்கார்ந்திருப்பேன். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

செல்வி மேல் எனக்குக் கோபம் வந்தது. இல்லாதவள் மேல் எவ்வளவு நேரம் கோபத்தை வைத்திருக்க முடியும்? மகள் மேல் வைக்கவும் முடியவில்லை, சத்தியம் பண்ணியவள். கோபம் எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே வீட்டு வாசலில் போய் நின்றது. செல்வி கேட்டுக்கொண்டது வீட்டுக்கு வந்த பிறகு. அதற்கு முன்னாலேயே, கவரோடு முதலில் போனவன் நான். அப்போது அவர் வாயை யாரும் கட்டிவைக்கவில்லை. அப்புறம் தினமும் காலையில் தூக்கோடு போகிற என்னை நிறுத்தி, தம்பி, இன்னைக்கு ஒரு நாள் வீட்டில் இரு என்று சொல்லியிருக்கலாம். காரணம்கூடச் சொல்லியிருக்க வேண்டாம். 'இன்னைக்கே' என்ற ஒரு வார்த்தை போதும். ஆட்டோக்காரருக்குக் கிடைத்த அந்த வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

சில நாட்கள் கழித்து, ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். டீச்சரம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். சார் தனியாக இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வா தம்பி. சாப்டியா?"

நான் உட்காரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகப் படித்த ஒருவரின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினேன்.

"எங்கிட்ட ஏன் சார் சொல்லல?"

அவருக்கு எதைக் கேட்கிறேன் என்று உடனே தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அது கணக்கு தம்பி. நிறையப் பேரைப் பாத்துப் போட்ட கணக்கு. அப்பிடிக் காட்டுறவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு வரும்னா, மீதிப் பேருக்கு வராது. செல்வி அந்த மீதியில இருக்கும்னு நான் நெசமாவே நம்புனேன்."

"அதை அப்பிடியே சொல்லியிருக்கலாமே சார். வந்தாலும் வரும், வராமயும் போவும்னு. எனக்கு அது புரியாதா? அஞ்சாவதுல கழித்தல் சொல்லிக் குடுத்தாங்க."

அவர் இழுத்துப் போட்ட நாற்காலியைத் திரும்பச் சுவரோரம் தள்ளினார்.

"அவகிட்ட மட்டும் சொன்னீங்களே."

"செல்வி கேட்டுச்சு தம்பி. கண்ணைப் பாத்துக் கேட்டுச்சு. நீ வந்தப்ப... நீ வந்தப்ப, ஒண்ணுமில்லன்னு சொல்லுங்கன்னு கேக்குற மாதிரி நின்ன."

அது உண்மையாக இருக்கலாம். நான் எப்போதும் அப்படித்தான் நிற்பேன். அதற்காக, கேட்டதை எல்லாம் கொடுத்துவிடலாமா?

"நான் ரெண்டு ஷிப்டு போனதைத் தெனமும் பாத்தீங்க."

"பாத்தேன்."

"நல்ல விஷயம்னீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார். அவர் கண் ஈரமாக இருந்தது. எனக்கு அவரைத் திட்டத் தெரியவில்லை. திட்டத்தான் வந்திருந்தேன். அந்த மாதமே அந்தத் தெருவை விட்டுவிட்டு முதலியார்பேட்டைப் பக்கம் வாடகைக்குப் போய்விட்டேன். அதற்கு அப்புறம் அவரை நான் பார்க்கவில்லை. ஆனால் அன்று அவர் வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்னால், எனக்கு ஒன்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதை அவரிடம்தான் கேட்க முடியும்.

"நீங்க சொன்னப்ப அவ என்னா பண்ணா சார்? அழுதாளா?"

சார் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் எதுவும் மாறவில்லை.

"இல்ல தம்பி" என்றார். "அழவே இல்ல. சரி சார்ன்னு சிரிச்சுது. டீ போட்டுக் குடுத்தேன், குடிச்சுட்டு நிம்மதியாத்தான் போச்சு."

அந்த மத்தியானம் அந்த வீட்டுக்குள் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி இப்போது இல்லை. இன்னொருவர் லேப் சார்.